செல்வி பார்த்தது

ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நம்முடைய பள்ளிக்கூடம்தான், டீச்சர். வேறு என்ன கற்றுக்கொடுத்தோம் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. இந்த ஒன்று மட்டும் உருப்படியாக நடந்தது.

இன்று காலை தலைமையாசிரியர் அறையில் புதுப் புரொஜக்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். முதலில் புது ரப்பர் வாசனை, விளக்கைப் போட்டதும் தூசி கருகும் வாசனை. புரொஜக்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை வேறு போட்டிருந்தார்கள். எனக்கு உங்கள் இருட்டு வகுப்புதான் நினைவுக்கு வந்தது. அங்கே சாக்கு வாசனையும் பிள்ளைகளின் வியர்வை வாசனையும் மட்டும் இருக்கும். உங்கள் கருவி, உங்கள் அப்பாவின் உடைந்த மூக்குக்கண்ணாடியில் மிஞ்சிய ஒரு வில்லை.

நான் இங்கே ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றாம் வகுப்பைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். விடியுமுன் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய்விட்டு அப்படியே பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகள். உப்பின் வெளிச்சத்தில் கண் சிவந்து கிடக்கும். கரும்பலகையைப் பார் என்றால் இமையைச் சுருக்கிக்கொண்டு தரையைப் பார்க்கும். தலைமையாசிரியர் அதற்கு மந்தம் என்று பெயர் வைத்திருந்தார்.

“மந்தமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல சார். கண்ணு கூசுது. இருட்டுல ஒக்கார வச்சுப் பாப்போம்” என்றீர்கள்.

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு காலிக் கிட்டங்கி கிடந்தது. ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய இடம். கிட்டங்கி தாளாளருடையது. எதிரே தெரியும் அளமும் அவருடையது, நம் பள்ளிக்கூடமும் அவருடையது. அவரிடம் கேட்டு வாங்கி, தகரக் கதவில் ஓட்டை போட்டு அந்த வில்லையைப் பொருத்தினீர்கள். உள்ளே கும்மிருட்டு. ஓட்டைக்கு எதிரே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னீர்கள். நான் ஒரு முனை, நீங்கள் ஒரு முனை. வெளியே வெயிலில் கிடந்த அளம் அவ்வளவும் அந்த வேட்டியில் வந்து விழுந்தது, நிறத்தோடு, அசைவோடு, தலைகீழாக.

“ஏளா, அங்க பாரு, எங்கம்மா தலகீழா நடக்கா.”

“தலையில உப்புப் பெட்டி விழலயே ளா.”

“ஒங்கம்மா பெட்டியில கோந்து தடவி வச்சிருப்பா.”

அந்தப் பிள்ளைகள் கண்ணை முழுசாகத் திறந்து நான் பார்த்தது அன்றுதான். உங்கள் பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஒவ்வொருவராக எழுந்து வேட்டியில் தெரிவதைச் சொல்ல வேண்டும். பிறகு கதவைத் திறந்து, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே பலகையில் எழுதுவீர்கள். தான் சொன்னதைத் தானே வாசிக்க எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம் இருக்கவில்லை. பொங்கல் வருவதற்குள் வகுப்பில் பாதிக்கு மேல் வாசித்தது. உங்களிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம்: “பாத்ததச் சொல்லு. பாக்காததச் சொல்லாத.”

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாளாளருக்கு ஏகப்பட்ட பெருமை. “நம்ம பள்ளிக்கூடத்துல பயாஸ்கோப்பே ஓடுது சார், வாங்க” என்று அவரே கூட்டிக்கொண்டு வந்தார். இருட்டில் இருவருக்கும் நாற்காலி போட்டோம். அன்று சொல்லும் முறை ஆறு வயதுச் செல்விக்கு. வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

“யாரோ ஒரு அம்ம உப்புப் பெட்டியோட உக்காந்துட்டா. கருப்புக் கொட பிடிச்சிட்டுக் கங்காணி வாராரு. அந்த அம்மைய மிதிக்காரு. பெட்டி கொட்டிட்டு. அவ எந்திக்கா. இன்னொரு மிதி மிதிக்காரு.”

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தன்னை யாரும் பார்க்கிறார்கள் என்று கங்காணிக்குத் தெரியாது.

“அது யாரோட அளம், பாப்பா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“இங்கன இருக்காவல்லா, இவிய அளந்தான்” என்று தாளாளர் பக்கம் கையைக் காட்டினாள்.

நீங்கள் எப்போதும் சொல்வதுபோல, “சரியாப் பாத்திருக்க. ஒக்காரு” என்றீர்கள்.

தாளாளர் சிரித்தார். “கண்ணாடி தலகீழாக் காட்டுது, பிள்ளையும் அதுக்குத் தக்கன சொல்லுது.” இன்ஸ்பெக்டரும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே வெளியே போய் இளநீர் குடித்தார்கள்.

மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் செல்வியைப் பெஞ்சு மேல் ஏற்றினார். “நான் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லு.”

அவள் உங்களைப் பார்த்தாள். “நான் சரியாத்தான பாத்தேன், டீச்சர்?”

“சரியாத்தான் பாத்த” என்றீர்கள். அவர் பிரம்பை ஓங்கினார். நீங்கள் குறுக்கே போனீர்கள். அவர் பிரம்பைத் தாழ்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டார்: “டீச்சர், இவ அம்மைக்கு நாளையிலிருந்து அளத்துல வேல வேணுமா, வேண்டாமா?”

செல்வியின் அம்மா வாசலில்தான் நின்றாள். வரச் சொல்லியிருந்தார்கள். அவள் மகளைப் பார்த்து, சொல்லிவிடு என்பதுபோலத் தலையை ஆட்டினாள். செல்வி சொன்னாள். சத்தம் போதாது என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தார்கள்.

அந்த வாரமே கிட்டங்கிக்குப் பூட்டு விழுந்தது. உப்பு அடுக்க வேண்டுமாம். இன்றுவரை ஒரு மூட்டை உள்ளே போகவில்லை. உங்களைச் சாத்தான்குளத்துக்கும் அப்பால், தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்தில் அவர்களுடைய இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் மஞ்சள்காமாலை வந்தது. உங்களைக் கொன்றுவிட்டார்கள் என்று நான் எங்கும் சொல்வதில்லை. நீங்கள் செத்தது நோயில். இவர்கள் கொன்றது உங்கள் வகுப்பை. என் கோபத்துக்கு அது போதும். உங்கள் அடக்கத்துக்கு வந்ததிலேயே பெரிய மாலை தாளாளருடையது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சட்டம்தான். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும், இன்றைக்கு என்ன பார்த்தாய் என்றுதான் கேட்கிறேன். சின்னப் பிள்ளைகள் கொட்டித் தீர்க்கும். செல்வியின் வகுப்பு மட்டும் என் முகத்தைப் பார்க்கும்.

இன்று தாளாளர் வந்து உட்கார்ந்ததும், பிள்ளைகளையும் அந்த அறையில் உட்கார வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் புரொஜக்டரை ஓட்டினார்கள். சுவரில் ஒரு பனிமலை வந்தது. செல்வி இப்போது மூன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் அவளைத்தான் எழுப்பினார். “என்ன தெரியுது, சொல்லு.”

வெள்ளை வெளேரென்று கூம்பாக நிற்பதை அளத்துப் பிள்ளை வேறு என்னவென்று பார்க்கும்? உப்பு அம்பாரம் என்று சொல்ல அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். மூடிக்கொண்டாள். சுவரை விட்டுவிட்டுத் தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னன்னு சொல்லணும், சார்?”

“நல்ல பிள்ள, கேட்டுட்டுச் சொல்லுது” என்றார் தாளாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். வேலை போகும் என்பது எனக்குத் தெரியும்.

“அண்ணாச்சி, அன்னைக்குக் கிட்டங்கியில இவ பாத்தது நெசம். ஒங்க கங்காணி அந்த அம்மைய மிதிச்சாரு. நீங்களும் பாத்திய, நானும் பாத்தேன். இந்தப் பிள்ள சரியாத்தான் பாத்தான்னு இத்தன பிள்ளைக முன்னால ஒங்க வாயால சொல்லுங்க.”

தலைமையாசிரியர் என் கையைப் பிடித்து இழுத்தார். தாளாளர் சுவரில் இருந்த பனிமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க, அண்ணாச்சி” என்றேன்.