துட்டிக்கு நின்ற ஏழு மணிப் பாடம்

அன்பு மாப்ளே செல்வம்,

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு யார் எழுதுவார்கள்? இப்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் எழுதுகிறேன், உன்னைத் திட்டுவதற்கும் சேர்த்து.

முதலில் வீட்டுச் செய்தி. உன் கேபிள் தொழிலை இப்போது உன் பெண்டாட்டிதான் பார்க்கிறாள். உன் அக்கா, என் வீட்டுக்காரி, உன் பேரை எடுத்தாலே அழுகிறாள். குரங்கணிப் பக்கம் காற்றுக்கு மரம் விழுந்து லைன் அறுந்துகொண்டே இருக்கிறது. நல்ல செய்தி என்று தேடினால் ஒன்றும் இல்லை.

உன் ஏழு மணிப் பாடத்தை நிறுத்திவிட்டோம்.

பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த தொற்றுக் காலம் நினைவிருக்கிறதா? அரசின் கல்விச் சானலில் காலையில் பாடம் நடத்தினார்கள். நம் ஊர் மேற்குத் தெருப் பிள்ளைகளோ அந்த நேரத்தில் தாய்மாரோடு ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ யார் யாரையோ பார்த்து அனுமதி வாங்கினாய். காலைப் பாடத்தைப் பதிவு செய்து, ஜீப்பெல்லாம் இறங்கி வீடுகளில் உலை வைத்த பிறகு, சாயங்காலம் ஏழு மணிக்கு நம் லோக்கல் சானலில் போட்டாய்.

பள்ளி திறந்த பிறகும் நீ விடவில்லை. "டியூசனுக்குப் போக முடிஞ்ச பிள்ளைக போகுது மச்சான். மத்ததுக எங்க போகும்?" என்றாய். ஏழு மணிக்கு விளம்பரம் போடச் சொல்லி வந்தவர்களையெல்லாம் எட்டு மணிக்குத் தள்ளினாய். பிழைக்கத் தெரியாதவன் என்று உன்னை நான் சொல்லாத நாள் உண்டா?

இந்தக் கிறுக்கு உனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். நம் சிறுவயதில் பஞ்சாயத்து அறையில் ஒரே ஒரு டிவிப் பெட்டி இருந்தது. மதிய வேளையில் டெல்லியிலிருந்து பாடம் வரும், முழுக்க ஆங்கிலத்தில். நமக்கு ஒரு சொல் புரியாது. ஒருவர் தவளையின் உள்ளுறுப்புகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் தூங்கிவிட்டேன். நீ என்னை உலுக்கி, "மச்சான், இந்தாளு எதையுமே விக்காம இம்புட்டு நேரம் பேசுறாரே, இவருக்கு யாரு சம்பளம் குடுக்கா?" என்று கேட்டாய். ஊர் வரிப்பணம்தான் என்றேன். அப்படியானால் இது நம்ம டிவிதான் என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

எல்லாம்தான் போனில் இருக்கிறதே என்கிறார்கள் இப்போது. வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பனோடு மலையேறிவிடுகிறது. தப்பித் தவறிப் பிள்ளை கையில் கிடைத்தாலும், ஒரு கணக்கு முடிவதற்குள் நாலு பேர் எதையாவது விற்க வந்துவிடுகிறார்கள்.

தெருவில் துட்டி விழுந்தால், பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவுக்குக் கேபிளை அணைத்து வைப்பாய். ஒரு வீட்டில் அழுகை, அடுத்த வீட்டில் குத்துப்பாட்டா என்பாய். நீ மாரடைப்பில் போன அன்று உன்னிடம் வேலை பார்க்கிறவர்கள் ஊர் மொத்தத்துக்கும் அணைத்துவிட்டார்கள். மறுநாள் மற்றதெல்லாம் வந்தது. ஏழு மணியை மட்டும் யாரும் தொடவில்லை. கருமாதி முடிந்த கையோடு ஒரு சேலைக்கடைக்காரர் வந்து அந்த நேரத்தைக் கேட்டார். உன் பெண்டாட்டிக்கு இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டும். நான் எந்த வாயால் வேண்டாமென்று சொல்வேன்? ஏழு மணியை அவருக்கே விற்றுவிட்டோம்.

பாடம் நின்றதற்கு ஒருவர்கூடப் போன் செய்யவில்லை, மாப்ளே. சீரியல் அரை நிமிஷம் நின்றால் ஊரே கூப்பிட்டு ஏசும். "பாத்தீங்களாண்ணே, ஒருத்தரும் பாக்கல" என்றாள் உன் பெண்டாட்டி. எனக்கு உன்மேல் கோபமே வந்தது. யாரும் பார்க்காத ஒன்றுக்கா இத்தனை பாடுபட்டாய்?

நேற்றுச் சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டில் மேற்குத் தெரு ரஞ்சிதத்தைப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன்.

"படிக்கிறாண்ணே. கணக்குத்தான் இடிக்குது. பத்தாவதுல்ல, பயந்து சாகுறா" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "செல்வண்ணன் துட்டிக்குப் பாடத்த நிப்பாட்டிருக்கீங்க. நாங்க கேட்டா நல்லாவா இருக்கும்? எங்க தெருவுல ஏழு மணிக்கு ஒருத்தரும் டிவி போடுறதில்லண்ணே. அது அவரு நேரம்ல. வருசம் திரும்புனதும் போடுவீங்கள்ல?"

"இருட்டிருச்சு, வெரசா வீட்டுக்குப் போத்தா" என்று மட்டும் சொன்னேன். அவள் போனபின் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேனோ. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் உன் பாடத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை. உனக்கு மரியாதை செய்வதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சேலை விற்றுக்கொண்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வருஷம் திரும்புவதற்குள் அந்தப் பிள்ளையின் பரீட்சை முடிந்துவிடும். தோற்றுப்போனால் அவளும் ஜீப்பில் ஏறிவிடுவாள். அப்புறம் பாடம் போட்டு யாருக்கு?

உன் பெண்டாட்டியோடு நான் சண்டை போடப் போவதில்லை. அவள் வயிற்றுப்பாடும் பொய்யில்லை. ஆனால் ஒன்று செய்வேன். நாளை விடிகாலை, முதல் ஜீப் கிளம்புமுன் ஸ்டாண்டுக்குப் போவேன். பாடம் துட்டிக்கு நிற்கவில்லை, நாங்கள்தான் விற்றுவிட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். ஏழு மணிக்கு டிவியைப் போட்டுப் பாருங்கள், பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து எங்களைக் கேளுங்கள், அது உங்களுடையது என்பேன். வருவார்களா? இத்தனை நாள் கேட்டே பழகாதவர்கள் கேட்பார்களா? தெரியவில்லை. வந்து மண்ணை வாரித் தூற்றினாலும் நான் கதவைச் சாத்தமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் அக்காவைக் கட்டிய மச்சான்,
பாண்டி
போடிநாயக்கனூர்