புதிய அணியில் உனக்கு இடமில்லை

பக்கத்து வீட்டு ஓய்வூதியர் நேற்று மாலை முழங்காலில் வலித்தைலம் தேய்த்தபடி என்னுடன் கால்பந்து பார்த்தார். மைதானத்திலிருந்து நேரே வந்து என் அலுவலக நாற்காலியில் நீ சாயும்போது வீசும் அதே வாடை. ஆட்டம் முடியுமுன்பே நம் நாட்டு அணி தொடரிலிருந்து வெளியேறுவது உறுதியாகிவிட்டது. தொலைக்காட்சியில் ஒருவர், இனி இளைஞர்களை வைத்து அணியை அடியிலிருந்து கட்ட வேண்டும் என்றார். நீ இருந்திருந்தால் அவரை முந்தியிருப்பாய்.

நாடு தோற்ற ஒவ்வொரு முறையும் நீ விரல் மடக்கிப் புதிய அணியைக் கட்டினாய். கட்டுவதைவிட இடிப்பதில்தான் உனக்கு ருசி. “முப்பது தாண்டுனவன் எல்லாம் வீட்டுக்கு. அஷ்டே, அவ்ளோதான்!” என்பாய். அணித்தலைவர் நெடுங்காலம் உழைத்தவராயிற்றே என்று நான் வாதிட்டால், “வக்கீலு, இது டீமா, பென்சன் ஆபீசா?” என்று சிரிப்பாய்.

நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலை அணிக்கு நீ ஊதியமில்லாப் பயிற்சியாளன். அங்கும் அப்படித்தான். உன் ஊரான கௌதள்ளியிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரனை எல்லோர் முன்பும் நிறுத்தினாய். “உன் காலு தீந்துபோச்சு. போயி ரெஸ்ட் எடு.” அவன் காலணிக் கயிற்றை அவிழ்த்து முடிப்பதற்குள் அடுத்தவனை உள்ளே அனுப்பிவிட்டாய். அந்த ஆண்டு உன் அணி வென்றது என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறேன்.

பிறகு கல்லீரல் உன்னைப் படுக்கவைத்தது. எழுந்தால் மைதானம் என்ற ஒரே எண்ணத்தில் மாத்திரைகளை விழுங்கினாய். நீ இல்லாத அணி முதல் சுற்றிலேயே தோற்றது. இரண்டு இளநீருடன் மருத்துவமனைக்கு வந்தவன் அதே தடுப்பாட்டக்காரன்.

“அண்ணா, மேனேஜ்மென்ட்ல என்னையக் கோச்சாப் போட்டுட்டாங்ணா. டீமை மொதல்ல இருந்து கட்டணுமாம். நீங்க போயி ரெஸ்ட் எடுங்ணா.”

அவன் குரலில் ஏளனம் இல்லை. சாட்சிகளைக் கூர்ந்து கேட்டுப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

“கட்டறதுக்கு முன்னாடி மொதல்ல யாரைத் தூக்கப் போற?” என்று கேட்டாய்.

அவன் இளநீரைப் பார்த்தான். “தூக்கியாச்சுங்ணா.”

அவன் போனதும் என் பக்கம் திரும்பினாய். “வக்கீலு, ஒரு நோட்டீஸ் விடலாமா?”

நியமன ஆணை இல்லை, ஊதியம் இல்லை. பதவி நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது. “முடியாது. சட்டத்துல உனக்கு ஒண்ணும் இல்ல” என்றேன்.

“நல்லாப் பாத்துச் சொல்லப்பா. எங்கயாச்சும் ஒரு ஓட்டை இருக்கும்.”

“பாத்துட்டேன். இல்ல.”

நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். மறுநாள் முதல் மாத்திரை வேண்டாம் என்றாய். அந்த வாரமே போய்விட்டாய். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவ என்னிடம் ஆதாரம் இல்லை; இல்லை என்று நிறுவவும் இல்லை.

உனக்குச் சொன்ன பதிலைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். பிழை கிடைக்கவில்லை. செல்லாத நோட்டீஸ் ஒன்றை அனுப்பியிருந்தால்கூட, மறுமொழி வரும்வரை நீ காத்திருந்திருப்பாய். அதையும் உன் கட்டிலருகே நின்று யோசித்தேன். யோசித்த பிறகுதான் முடியாது என்றேன்.