நடுவில் ஒரு கறை

மார்ச் 3
சோடாபுட்டித் தம்பிக்கு,
உன் தொலைநோக்கி எடுத்த இருநூற்றுப் பத்துப் படங்களும் வந்தன. மங்கலானவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கி அனுப்பியிருக்கிறேன். கேலக்ஸியின் சுருள் கைகள் பிசிறில்லாமல் வந்திருக்கின்றன. நிறத்தை அளவோடுதான் ஏற்றினேன். விளம்பரப் பலகை மாதிரி வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்.
அக்கா

மார்ச் 9
அன்புள்ள அக்கா,
படம் அழகு. ஆனால் கேலக்ஸியின் நடுவில் சாம்பலாக ஒரு கறை. தூசியாக இருக்கும், நீக்கிவிடேன். பிறந்ததிலிருந்து வலது கண் ஒன்றை வைத்தே குடித்தனம் நடத்தும் எனக்கே தெரிகிறது, இரண்டு கண் உள்ள உனக்குத் தெரியவில்லையா? வீட்டில் இவளிடம் காட்டினால், “கறையா? ஒண்ணும் காணோமே. உங்கக்கா செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கணும்னே உக்காந்திருக்கீங்க” என்கிறாள். பட்டறையில் இரும்பு கடையும்போது இரண்டு தடவை அளவு தப்பிவிட்டது. வயதாகிறது.
தம்பி

மார்ச் 15
தம்பிக்கு,
என் திரையில் கறை இல்லை. கேமராவைத் துடை. தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணி கட்டிச் சில படங்கள் எடுத்து அனுப்பு. தூசி இருந்தால் அதன் நிழல் அதில் விழும், கழித்துவிடலாம். உன் திரையையும் துடை. மூக்குக் கண்ணாடியையும்.
அக்கா

ஏப்ரல் 20
அக்கா,
எல்லாவற்றையும் துடைத்தேன். வெள்ளைத் துணிப் படங்களிலும் அதே கறை. புதுத் திரை வாங்கினேன், அதிலும். கோபித்துக்கொள்ளாதே, அவசரத்தில் செய்கிறாயோ?
தம்பி

மே 2
தம்பிக்கு,
நான்காவது முறையாக முதலிலிருந்து செய்தேன். படத்தில் நடுப்பகுதிதான் மிகப் பிரகாசம், அளந்தே பார்த்துவிட்டேன். அவசரக்காரி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒன்று செய். மூலையில் இருக்கும் மஞ்சள் நட்சத்திரத்தையே உற்றுப் பார்த்து, அப்போது கறை எங்கே இருக்கிறது என்று எழுது.
அக்கா

மே 6
அக்கா,
பெரிய ஆள்தான் நீ! மூலையைப் பார்த்தால் மஞ்சள் நட்சத்திரத்தைக் காணவில்லை, கறை அங்கே போய்விட்டது. நடுவில் கேலக்ஸி சுத்தமாக இருக்கிறது. எப்படிச் செய்தாய்?
தம்பி

மே 6
தம்பி,
நான் எதுவும் செய்யவில்லை. கறை படத்தில் இல்லை. இன்றே கண் மருத்துவரிடம் போ. தனியாகப் போகாதே. உன் மனைவியிடம் போனில் சொல்லிவிட்டேன்.
அக்கா

ஜூன் 11
அன்புள்ள அக்கா,
நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். பிழையெல்லாம் அவளுடையது. விழித்திரையின் நடுவில் கசிவாம். “மார்ச்லயே வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாமே” என்றார் டாக்டர். “தூசின்னு நெனச்சுத் தொடச்சிட்டிருந்தேன் சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பட்டறையில் கணக்கை முடித்துவிட்டார்கள். நீ மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே.
தம்பி

அண்ணி, இது அவர் சொல்லாமல் நானே எழுதுவது. தினமும் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 19
அன்புத் தம்பிக்கு,
இதை அவள் உனக்குப் படித்துக் காட்டட்டும்.
நான் எழுதியவற்றை எடுத்துப் பார்த்தேன். துடை, துடை என்றுதான் இருக்கிறது. கறை இல்லை என்று அவள் முதல் வாரமே சொன்னாள். நீ அதை எனக்கு எழுதியும் இருந்தாய். நான் படத்தையே சோதித்துக்கொண்டிருந்தேன்.
இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்திருக்கிறேன். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போமே, அதற்கு ஏற்றபடி படத்தை மாற்றியிருக்கிறேன். கேலக்ஸியைப் பெரிதாக்கி இடது பக்கம் தள்ளிவிட்டேன். வலது ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவள் உன் விரலை அதன்மேல் வைக்கட்டும். புள்ளி உனக்குத் தெரியாது, கறை அதை மறைத்துவிடும். தெரியாவிட்டாலும் அங்கேயே பார்.
இடது பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று எழுது.
அக்கா