உன் அத்தா கடை செல்

2008 ஜூன் 8, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. மேசை மேல் எட்டு பென்சில் செல். வீடு மாற்றப் பெட்டியைக் கட்டும்போது, ஆபீஸ் கழித்துவிட்ட அந்தப் பழைய ஜி.பி.எஸ். கருவியோடு கிடைத்தன. இரவு சார்ஜரில் போட்டேன். எட்டில் ஆறு இன்னும் சார்ஜ் பிடிக்கின்றன. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கொல்லிமலையில் மிளகுத் தோட்டங்களை அளந்து வரைபடம் போடும் வேலை அப்போது நமக்கு. கருவி என் கையில், நோட்டு உன் கையில். சார்ஜ் ஏற்றும் செல்கள் சேந்தமங்கலத்தில் உன் அத்தா கடையிலிருந்து வந்தவை. ஒரு ஜோடி மதியம்கூடத் தாங்கவில்லை. திரையில் பேட்டரிக் கோடு காலியானதும் கழற்றிப் பைக்குள் எறிவேன்.

செல்லை மிச்சம் பிடிக்க உனக்கென்று ஒரு முறை இருந்தது. திரை விளக்கை அணைத்து வைப்பாய். குளிர்ந்த காலைகளில் செல்லைச் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பாய். "ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடக்கறப்ப எதுக்குப்பா ஆன்ல வெக்கறே? மெஷின் வேடிக்கை பாக்குதா?" என்பாய். படித்தவன் நானா நீயா என்று எரிந்து விழுவேன்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஆபீஸில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "செல் மட்டச் சரக்கு. பாய் கடையில் வாங்க வேண்டாம்." நீ பக்கத்தில்தான் நின்றாய். பேச்சு கடைத்தெருவரை போனது. உன் அத்தா செல் விற்பதையே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். நான் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தேன். நீ கருவியை வாங்கித் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தாய். செல் வகை என்ற இடத்தில் சாதாரண செல் என்று இருந்தது. சார்ஜ் செல்லுக்கு வோல்ட் கொஞ்சம் குறைவு; அதைத்தான் கருவி காலி என்று காட்டியிருக்கிறது. சார்ஜ் செல் என்று மாற்றினாய். நான் காலி என்று பைக்குள் எறிந்த ஜோடியையே உள்ளே போட்டாய். கோடு பாதிக்கு மேல் ஏறி நின்றது.

"ஏனுங்க இன்ஜினியரு, செல்லு சாகலீங்க. நீங்கதான் உசுரோட பொதைச்சுட்டிருந்தீங்க."

விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் பார்த்திருக்க வேண்டிய பக்கம் அது.

பஸ் ஏறியதும் உன் குரல் இறங்கியது. "ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. அத்தா யாரு கூடவும் பேசறதில்ல. நான் சொன்னா அப்பனுக்குப் பரிஞ்சு பேசறான்னுதான் நெனைப்பாங்க. நீ சொன்னாத்தான் ஆகும்."

"சொல்றேன்" என்றேன்.

அதன்பின் ஒரு ஜோடி இரண்டு நாள் வந்தது. சிக்கனமாக ஓட்டுகிறேன் என்று ஆபீஸில் பாராட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். நீ ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. மறு வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டாய். ஜனாஸா எடுத்து அடக்கம் செய்த அன்று உன் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் சொல்லவில்லை.

இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை கிளம்பும் முதல் பஸ்ஸில் சேந்தமங்கலம்.
2. கடையில் ஆள் இருந்தால் நல்லது. அவர்கள் காதிலும் விழட்டும்: செல்லில் குறையில்லை, தப்பு என்னுடையது.
3. அன்று ஆபீஸில் இருந்தவர்களுக்கும் இதையே எழுதிப் போடுவது.
4. அப்போது சின்ன வயசு, வேலை அவசரம் என்றெல்லாம் சேர்க்கக் கூடாது.
5. அத்தா திட்டினால் நின்று வாங்கிக்கொள்வேன். "உக்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை.