தேனில் குழைத்த மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் காலை மாத்திரைக்குப் பிறகு மனைவி துவண்டுவிட்டாள். எட்டு மணிக்கு என் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைக் கண்டுபிடித்தவள், ஒன்பதுக்கு என்னையே யாரோபோலப் பார்த்தாள். மதியம்வரை நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். பக்கவாதத்தில் போன பேச்சு திரும்பிவிட்டது. விழுங்குவதுதான் சிரமம். இப்போது காலைப்பொழுதும் கைவிட்டுப் போகிறது.

மார்ச் 5, வியாழன்

இரண்டாவது பக்கவாதமோ என்று மருத்துவர் சந்தேகப்படுகிறார். ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை. தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மகள் போன் செய்தாள். "அப்பா, உங்களால தனியா முடியாது. பராமரிப்பு இல்லத்துல சொல்லி வெச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி ஒரு படுக்கை காலியாகுதாம்."

எப்படிக் காலியாகிறது என்று நான் கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

இல்லத்தைப் பற்றி மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் சொன்னால் புரியாது. மாலையில் சொன்னால் புரிந்துவிடும்.

மார்ச் 9, திங்கள்

புது மாத்திரை வாங்க மருத்துவமனை மருந்தகத்துக்குப் போனேன். மருந்தாளர் என் மகள் வயதுப் பெண். சீட்டைப் பார்த்தார், மருந்தை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"தலைசுத்தல் எப்போ வருது சார்?"

"காலை மாத்திரைக்கு அப்புறம்."

"மாத்திரையை எப்படிக் குடுக்கறீங்க?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. முழுதாகக் கொடுத்தால் புரையேறுகிறது. அதனால் சின்ன உரலில் மாவாகப் பொடித்து, தேனில் குழைத்து, நாக்கில் தடவுகிறேன் என்று விவரித்தேன். பாராட்டு வரும் என்றுதான் நினைத்தேன்.

"எல்லா மாத்திரையுமா?"

"ஒரு துணுக்கு மிச்சம் வைக்க மாட்டேன்மா."

உள்ளே அழைத்து நாற்காலியைக் காட்டினார். நல்ல செய்தியை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

"இந்த பிரஷர் மாத்திரை நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா கரையணும்னு செஞ்சது சார். பொடிச்சா ஒரு நாள் மருந்து மொத்தமும் உடனே இறங்கிடும். பிரஷர் தடால்னு விழுந்துடும்."

"அப்போ நான்தான்—"

"பொடிக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"விழுங்க முடியலைன்னு நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. அதான் சமாளிச்சுட்டேனே."

அங்கிருந்தே மருத்துவரிடம் பேசினார். தலைசுற்றல் மாத்திரை ரத்து. பிரஷருக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கக்கூடிய வேறொரு மாத்திரை. மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எதைப் பொடிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்லி, என்னைத் திரும்பச் சொல்லவைத்தார்.

மார்ச் 10, செவ்வாய்

காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவரை என் வேலையே விபத்துக்குக் காரணம் யார் என்று கண்டுபிடிப்பதுதான். எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்! என்னைத் தவிர.

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான். தினமும். என் கையாலேயே. தேன் வேற.

மார்ச் 13, வெள்ளி

மருந்தாளர் போன் செய்து பிரஷர் அளவுகளைக் கேட்டார்.

"மயக்கம் வருதா சார்?"

"அவளுக்கு மயக்கம் வரலைம்மா. கோபம் வருது."

"அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லை சார்."

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"தேன்ல குழைச்சாலும் ரொம்பக் கசக்கும்" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு பாடுபட்டுப் பொடிச்சீங்க. எப்படிச் சொல்றது."

எழுந்து சமையலறைக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு இல்லத்திலிருந்து போன். படுக்கை தயாராம், எப்போது அழைத்து வருகிறீர்கள் என்றார்கள். வேண்டாம், காத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன், மெல்லிய குரலில்தான்.

"யாருங்க அது?" என்றாள் மனைவி, கூடத்திலிருந்து.

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கா இத்தனை தடவை நன்றி சொன்னீங்க?"