‘வேண்டாம்’ என்று நீ குறித்த கட்டம்

என் அக்காவே,

நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நேற்று கரோல் பாக்கில் புடவை எடுக்கப் போனோம். உன் பெண் பத்துக் கடை ஏறி இறங்கிவிட்டு, முதல் கடைக்கே திரும்பி வந்தாள். அப்படியே உன் புத்தி.

வேறொன்றும் உன்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

குடும்பத்தில் தொடர்ந்து வருகிற மார்பகப் புற்றுநோய்க்கு எந்த மரபணு காரணம் என்று தேடுவதுதானே என் வேலை. அதே நோயில் நீ படுக்கையில் இருந்தபோது எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தாய். முடிவைக் குடும்பத்தாருக்குச் சொல்லலாமா என்று படிவத்தில் கேட்டிருந்தது. ‘வேண்டாம்’ கட்டத்தில் டிக் அடித்தாய்.

“கல்யாணம் ஆகாத பொண்ணு வீட்ல இருக்காடி. வெளிய தெரிஞ்சா யாரு வருவா?” என்றாய். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன், அக்கா?

எங்களிடம் வரும் ரத்தக் குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. அன்று எண் ஒட்டுகிற பெண் லீவு. உன்னுடையதாயிற்றே என்று நானே ஒட்டினேன். அந்த எண் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது. போன வாரம் கணினியில் அதற்கு நேரே மரபணுக் கோளாறு இருப்பதாக வந்தது. பிள்ளைக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எங்கள் ஆய்வுக்குத் தலைவராக இருக்கும் பெரியவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். இறந்தவர் மறுத்திருந்தாலும் மறுத்ததுதான் என்றார்.

கடையில் நித்யாவிடம், “எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோடி” என்றேன்.

“சித்தி, அம்மா ரத்தத்துல ஏதாவது இருந்துதா? இருந்துதுன்னு சொல்லுங்க, இன்னிக்கே எடுக்கறேன். இல்லைன்னா விடுங்க, ப்ளீஸ். எனக்கு பயமா இருக்கு.”

நான் புடவை ஜரிகையைத் தடவிக்கொண்டு நின்றேன். என் வாயைப் பூட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். உன் மேல் கோபம் வருகிறது, நன்றாகவே வருகிறது.

நாளைக்கு என் ரத்தத்தைக் கொடுக்கப் போகிறேன். ஆய்வுக்கு இல்லை, ஆஸ்பத்திரியில், என் பெயர் போட்டு. உன் முடிவைத்தானே நான் சொல்லக் கூடாது? ஒரே வயிற்றில் பிறந்த எனக்கும் அந்தக் கோளாறு இருந்தால் அந்தக் காகிதத்தை முதலில் நித்யா கையில்தான் கொடுப்பேன், இது உனக்குச் சத்தியம். இல்லை என்று வந்தால் மறுபடி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை வருஷம் இந்த நோயோடு மல்லுக்கு நிற்கிறவள் நான். எனக்கும் அது இருக்க வேண்டும் என்று இன்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன், அக்கா.

உன் தங்கை, நித்யாவின் சித்தி,
கல்பனா