அவள் ஒளித்து வைத்த வலது கை

ஞாயிற்றுக்கிழமை, ஆரம்பாக்கம்.

இன்று திருவள்ளூரில் மாவட்ட சாம்பியன் பட்டத்துக்கான குத்துச்சண்டையில் தோற்றேன். எதிராளி நேற்று அரையிறுதியை இடது கையாலேயே ஜெயித்தாள். வலது கையில் அடிபட்டிருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். என் கணவர் சேகர் அப்போதே சொன்னார்: "கை நோவுறவ முழு வாட்டர் கேன வலது கையால தூக்கினு போவாளா? ஒளிச்சி வெச்சிகினு கீறா."

"ரிங்குல ஏறுறது நானா, நீயா?" என்று அவர் வாயை அடைத்தேன்.

முதல் இரண்டு ரவுண்டும் என் பக்கம்தான். மூன்றாவதில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி, தாடையைக் காத்து நின்ற இடது கையை இறக்கினேன். அந்த வலது கை வந்தது. நடுவர் பத்து எண்ணி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் சேகர் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இட்லியை ரசத்தில் கரைத்து நீட்டினார். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பவே சொன்னேன்னு சொல்லித் தொலையேன்யா," என்றேன்.

"சொல்லலாம். உன் வலது கை இன்னும் நல்லாத்தான கீது?"

நாளைக் காலை கம்பெனி ஷிஃப்டில் எல்லாரும் கேட்பார்கள். கேட்கட்டும். சிரித்துச் சிரித்துத் தாடையில் உயிர் போகிறது.